ஆடியில் சுட்ட குண்டு

பூவிலாங்குடிக் கண்மாயில் சலேத் மேரி ஆடி மாதம் சுட்ட குண்டு கார்த்திகையில்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் அந்த ஊர் அதற்கு வழிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்து, அதைப் பார்த்து மணி சொல்லி, மழை பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு போய் அதை எட்டிப் பார்த்து, வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளையிடம் பழகுவதைப் போல அதனிடம் பழகிக்கொண்டது.

சலேத் மேரி தாலுகா ஆபீஸில் சர்வேயர். முப்பத்தெட்டு வயது. எதையும் ஒருமுறை அளந்து நம்பாதவள். மூன்றுமுறை அளந்து மூன்றும் ஒன்றாக வந்தால், அதெப்படி ஒன்றாக வரும் என்று நான்காவது முறை அளக்கிறவள். பெண் கேட்டு வந்தவர்களிடம் யோசித்துச் சொல்கிறேன் என்பாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வேறிடத்தில் கல்யாணம் முடித்து, பிள்ளைக்குக் காதும் குத்தியிருப்பார்கள். நிலத்தை அளந்து அளந்து தூரத்தின்மேல் அவளுக்கு ஓர் ஆசை பிறந்து, அந்த ஆசை அவளை ரைபிள் கிளப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே அவளுக்கு ஒரே போட்டி சேவுகமூர்த்திதான். போர் வண்டி வைத்து ஊர் ஊராகக் கிணறு போடுகிறவன், மனைவியை இழந்தவன், சிரித்தால் கண் மூடிக்கொள்கிறவன்.

அன்றைக்குக் கிளப்பின் ஆண்டுப் போட்டி. தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாயின் மேற்கு ஓரத்தில் படுத்துக்கொண்டு, ஆயிரம் மீட்டர் தள்ளிக் கிழக்கே இருக்கிற அம்மிப்பாறையின் முன்னால் நட்ட அட்டையைச் சுட வேண்டும். அம்மிப்பாறை கண்மாய்க் கரையோடு சேர்ந்து நிற்கிற பெரிய பாறை. அதற்கு இரண்டு பக்கமும் மண்கரை, கரைக்கு அந்தப் பக்கம் வயல், வயலுக்கு அப்பால் ஊர். சேவுகமூர்த்தி சுட்டு முடித்திருந்தான். சலேத்துக்கு ஒரே ஒரு குண்டு பாக்கி. அது நடுவட்டத்தில் விழுந்தால் ஒரு புள்ளியில் அவள் முந்துவாள்.

அவள் போனில் இருந்த கால்குலேட்டரைத் திறந்தாள். குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம், காற்றைக் கிழித்துப் போகும்போது அது எவ்வளவு தளரும் என்கிற எண், குழலுக்கு மேலே தொலைநோக்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வெயில், காற்றின் அழுத்தம், ஈரம் எல்லாவற்றையும் கொடுத்தாள். ஆடிக்காற்று தென்மேற்கிலிருந்து விடாமல் அடித்தது. அது குண்டை இடதுபக்கம் தள்ளும். அதனால் இவ்வளவு வலதுபக்கம் தள்ளிக் குறிவை என்று கால்குலேட்டர் சொன்னது. அவளும் அப்படியே வைத்து, மூச்சை விட்டு, விசையை இழுத்தாள்.

வெடித்தது. தோளில் இடித்தது. குண்டு குழலை விட்டு ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் நின்றது.

நின்றுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சேவுகமூர்த்தி பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு குச்சியை மண்ணில் குத்தி, குண்டுக்கு நேராக வைத்துப் பார்த்தான். டீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள். குடித்து முடித்தபோது குண்டு குச்சியைத் தாண்டி மூன்று விரற்கடை போயிருந்தது.

"நகருது மேடம்," என்றான்.

நடுவர் கனி ராவுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "சுட்டாச்சு. குண்டு இன்னும் போய்ச் சேரலை. சேர்ற வரைக்கும் போட்டி முடியலை," என்று சொல்லிவிட்டு, கோப்பையை ஊராட்சி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

ஊராட்சித் தலைவி பஞ்சவர்ணம் மறுநாள் காலையில் வந்து குண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "எங்க கண்மாய்க்குள்ள வந்தது எதுவா இருந்தாலும் ஊருக்குச் சொந்தம்," என்றாள். "மீனா இருந்தாலும் சரி, குண்டா இருந்தாலும் சரி. போகட்டும், யாரும் மறிக்க வேணாம்."

மறித்தும் பார்க்காமல் இல்லை. ஒருவர் இடுக்கியால் பிடித்து இழுத்தார், இடுக்கி ஒடிந்தது. மணல் மூட்டையைக் குறுக்கே வைத்தார்கள். குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுநாள் மறுபக்கம் அலுங்காமல் வந்தது. வேகம்தான் குறைந்திருந்தது, வலு குறையவில்லை. அதன் முன்னால் படுத்துத் தூங்கிப்போன ஒரு வெள்ளாட்டின் காதைத் துளைத்துக்கொண்டு போனது. ஆட்டுக்காரி மூக்காயி அந்தத் துளையில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிட்டாள். யார் கைக்கும் கட்டுப்படாத அந்தக் குண்டு காற்றுக்கு மட்டும் பணிந்தது. பலமாக ஒரு காற்று அடித்து ஓய்ந்தால் மயிரிழை இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும்.

நூறு நாள் வேலைக்காரர்கள் அது போகிற வழியில் கருவேல முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். டீக்கடை வண்டி கிளம்பிக் குண்டோடு கூடவே நகர்ந்தது. வாரச்சந்தை ஆடுகளைக் குண்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரித்து நிறுத்தினார்கள். வீட்டில் சண்டை போட்டவர்கள் அதன் நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். விரல் தண்டி நிழலில் என்ன குளிர்ச்சி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத் தேதி வைத்தவர்கள், குண்டு கண்மாய்க்குள் நிற்கிற மொட்டைப் பனையைத் தாண்டின பிறகு என்று பத்திரிகையில் அடிக்காமல் வாயால் சொல்லிக்கொண்டார்கள்.

சலேத் தினமும் ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குவாள். சேவுகமூர்த்தி எங்கே கிணறு தோண்டிக்கொண்டிருந்தாலும் அதே நேரத்துக்கு பைக்கில் வந்துவிடுவான். இரண்டு பேரும் குண்டின் உயரத்தையும் ஒதுங்கலையும் அளந்து, கால்குலேட்டர் சொன்னதோடு வைத்துப் பார்ப்பார்கள். உலகத்தில் துப்பாக்கி சுடுகிற எவருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது. மற்றவர்கள் அட்டையில் விழுந்த துளையை வைத்து, வழியில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். இவர்கள் குண்டோடு நடந்து பார்க்கலாம்.

முதல் நூறு மீட்டரிலேயே குண்டு கணக்குக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் போனது.

"காற்றைக் கிழிக்கிற எண்ணை மாத்துங்க," என்றான் சேவுகமூர்த்தி.

"இவ்வளவு கிட்டத்துல அந்த எண் என்ன செய்யும்? அது தூரம் போகப் போகத்தான் வேலையைக் காட்டும். இது கிளம்புன இடத்துலயே வந்த பிசகு."

தொலைநோக்கியின் உயரத்தை மறுபடி அளந்தாள். கால் விரற்கடை தப்பாகக் கொடுத்திருந்தாள். திருத்தினாள். அப்படியும் முழுதாகச் சரியாகவில்லை. பிறகு சேவுகமூர்த்திதான் தலையில் அடித்துக்கொண்டு, "அன்னைக்குத் தோட்டாப் பெட்டி பூராவும் வெயில்ல கிடந்துச்சே!" என்றான். மருந்து சூடேறினால் குண்டு கொஞ்சம் வேகமாகக் கிளம்பும். கிளம்பிய வேகத்தை அவள் சிறிது கூட்டிக் கொடுத்ததும், கணக்கும் குண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அவள் சிரித்தாள். அவனுக்குக் கண் மூடிக்கொண்டது.

பாதி வழியில் குண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே போனது. மாட்டு வண்டி அதற்குக் கீழே போகும். வைக்கோல் லாரி போகாது. மாதா கோயில் ஏணியைக் கொண்டுவந்து சலேத் ஏறி அளந்தாள், கீழே சேவுகமூர்த்தி ஏணியைப் பிடித்துக்கொண்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஏறிப் பார்த்தால் குண்டின் முதுகில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது.

"யாரு வச்சது?"

"நான்தேன்," என்றாள் மூக்காயி கீழிருந்து. "வெறும் நெத்தியோட போகுதேன்னு."

சந்தனம் அப்பிய குண்டு காற்றில் கூடுதலாகத் தேய்ந்து, கணக்கை விடத் தாழ்ந்துகொண்டிருந்தது. இப்போது காற்றைக் கிழிக்கிற எண்ணை மாற்ற வேண்டும். அதையும் சந்தனம் இருந்த நாட்களுக்கு மட்டும் மாற்ற வேண்டும். சலேத் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். குங்குமப் பொட்டு மட்டும் போகவில்லை. குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனதால் அந்தப் பொட்டு மணிக்கு ஒருமுறை மேலே வந்தது. அதற்குப் பிறகு கண்மாய்க்குள் யாரும் கடிகாரம் கட்டவில்லை. "பொட்டு மேல வந்துருச்சு, பள்ளிக்கூடம் விட்டிருக்கும்," என்று சொல்லிக்கொண்டு பெண்கள் எழுந்து போனார்கள்.

ஆவணியும் புரட்டாசியும் இப்படிப் போயின. சலேத்துக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. அளக்க ஒன்று இருந்தது, அளந்ததைச் சொல்ல ஓர் ஆள் இருந்தான், அந்த ஆள் சொன்னதை மறுத்துச் சண்டையும் போட்டான். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு கிளாஸை ஒன்றாக வைத்தார்.

ஐப்பசியில் காற்றுத் திரும்பியது. மழையோடு வாடை வந்து, வடகிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. குண்டு போகும் வழியில் ஆடிக்காற்றே கடைசி வரைக்கும் இடதுபக்கம் தள்ளும் என்று நம்பித்தான் அவள் வலதுபக்கம் தள்ளிக் குறிவைத்திருந்தாள். இப்போது வாடையும் அதை வலதுபக்கமே தள்ளியது. கண்மாயில் தண்ணீர் ஏறியது. முழங்கால், பிறகு தொடை. ஊர் சந்தோஷமாக நாற்றுப் பறித்தது. சலேத் மட்டும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்குலேட்டர் சொன்ன இடம் அட்டை இல்லை, பாறையும் இல்லை. பாறைக்கு வலதுபுறம் இரண்டு ஆள் நீளம் தள்ளி, மண்கரை.

மணல் மூட்டையைத் துளைத்ததைப் போலக் குண்டு கரையையும் துளைக்கும். பாறையில் துளை விழுந்தால் துளைதான். தண்ணீர் முட்டி நிற்கிற மண்கரையில் விரல் தண்டித் துளை விழுந்தால், அது கசிவாகி, கசிவு ஓடையாகி, விடிவதற்குள் கண்மாய் வயலில் இருக்கும், வயல் ஊரில் இருக்கும்.

குண்டு காற்றுக்குப் பணியும் என்பதால் செய்ய வேண்டியது என்னவென்று இருவருக்குமே தெரிந்தது: வலதுபக்கமிருந்து அதற்குக் காற்று வீச வேண்டும். சேவுகமூர்த்தி கிணறு தோண்டுகிற கம்ப்ரசர் லாரியைக் கண்மாய்க்குள் இறக்கினான். அது அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்து படுத்துக்கொண்டது. மின்விசிறியைத் தண்ணீருக்குள் கொண்டுவர லைன்மேன் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது மனிதக் கைகள்தான்.

"இன்னைக்கே ஊருக்குச் சொல்லுங்க," என்றான் சேவுகமூர்த்தி.

"இன்னொரு தடவை அளந்துட்டுச் சொல்றேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க."

"வாடை நாளைக்கே மாறலாம். என் கணக்குத் தப்பா இருக்கலாம். நடவை விட்டுட்டு ஊரே வந்து நின்ன பிறகு, குண்டு தானா பாறைக்குப் போயிருச்சுன்னா?"

"போனா திட்டுவாங்க. வாங்கிக்கலாம். கிட்டப் போகப் போக எத்தனை காத்து வீசினாலும் அது திரும்பாதுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? இன்னைக்குப் பத்துப் பேர் செய்யுற வேலைக்கு அடுத்த வாரம் நூறு பேர் வேணும். நீங்க முழுசாச் சரியாச் சொல்றப்ப, கேக்குறதுக்கு ஊர் இருக்காது."

அவள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். மறுநாளும் அளந்தாள், மண்கரை. அதற்கு மறுநாள் அளந்தாள். மண்கரை, ஒரு சாண் இங்கே, ஒரு சாண் அங்கே. ஒரு சாணுக்காகத்தான் தான் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கை முழுக்க அந்த ஒரு சாணுக்காகக் காத்திருந்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. தண்ணீரை விட்டு ஏறி, கரையைத் தாண்டி, வயலில் நாற்று முடியோடு நின்ற பஞ்சவர்ணத்திடம் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பஞ்சவர்ணம், "எவ்வளவு நிச்சயம்?" என்றாள்.

"பத்துக்கு ஏழு," என்றாள் சலேத். அப்படி ஒரு வார்த்தையை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஏழா!" என்றாள் பஞ்சவர்ணம். "மழை வருமான்னு கேட்டா எனக்கு மூணுகூடத் தெரியாது. அதை நம்பித்தான் வருசா வருசம் நாத்து விடுறேன். ஏழு இருக்குன்னா ரெண்டு நாள் முன்னாடியே வந்திருக்கலாமே, சர்வேயரம்மா." நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுக் குரல் கொடுத்தாள்.

ஊர் வந்தது. டிராக்டர் பெட்டிகளையும் மாட்டு வண்டிகளையும் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு வந்து குண்டின் வலதுபக்கம் வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் ஏறிக்கொண்டு, சுளகோடும் விசிறியோடும் கிழிந்த பாயோடும் நின்றது. சலேத் ஒவ்வொருவரையும் வீசச் சொல்லி, காற்றளக்கிற சின்ன மிஷினை நீட்டிப் பார்த்தாள். ஆண்கள் முதலில் பலமாக வீசிப் பிறகு தளர்ந்தார்கள்; பெண்கள் புடைக்கிற பழக்கத்தில் ஒரே சீராக வீசினார்கள்; எல்லோரையும் விட அதிகக் காற்று மூக்காயியின் சுளகிலிருந்து வந்தது. அவ்வளவையும் கூட்டிக் கால்குலேட்டருக்குக் கொடுத்தாள். கிழக்கு வெளுக்கும்போது ஒரு கூட்டம் ஏறும், பொட்டு இரண்டுமுறை மேலே வந்ததும் அது இறங்கி நடவுக்குப் போகும், அடுத்த கூட்டம் ஏறும். வீசுகிறவர்கள் குலவை போட்டார்கள், மாமியாரைப் பற்றிப் பேசினார்கள், யாராவது தண்ணீருக்குள் விழுந்தால் சிரித்தார்கள். சேவுகமூர்த்தி எல்லாக் கூட்டத்திலும் நின்றான்.

குண்டு கேட்டது. மயிரிழை மயிரிழையாக இடதுபக்கம் ஒதுங்கியது. கால்குலேட்டர் சொன்ன இடம் மண்கரையை விட்டு ஊர்ந்து, பாறையின் ஓரத்துக்கு வந்து, ஓரத்தைத் தாண்டிக் கெட்டியான பாறைக்குள் நுழைந்தது. அன்றைக்கு அவள் மூன்றுமுறை அளந்தாள், நான்காவது முறை அளக்கவில்லை.

"போதும்," என்று கத்தினாள். "கரைக்கு ஆபத்து இல்லை. எல்லாரும் இறங்குங்க."

யாரும் இறங்கவில்லை.

"அட்டையில படுமா?" என்று கேட்டாள் மூக்காயி.

"படாது. அட்டைக்கு ஒரு கை வலதுபக்கம் போகும். அது பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? நாலு மாசம் நடந்து வந்த பிள்ளையை வாசல்ல விட்டுட்டுப் போறதா?"

"இதுக்கு மேல வீசினா அது கள்ள ஆட்டம்," என்றாள் சலேத். "சேவுகன் சார் அவரா சுட்டு வாங்கின இடம் அது."

வண்டிமேல் நின்ற சேவுகமூர்த்தி சுளகை நிறுத்தாமலே, "நாலு மாசம் முதல் இடத்துல இருந்தாச்சு, போதும் மேடம்," என்றான். "எனக்கு இப்ப கை நின்னாத்தான் வலிக்குது."

கனி ராவுத்தரைக் கேட்டார்கள். அவர் அன்றைக்குக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "குண்டைக் கையால தொடக் கூடாதுன்னு இருக்கு. காத்தைப் பத்தி, அது எங்கேயிருந்து வரணும்னு ஒண்ணும் இல்லை. மைதானத்துல அடிக்கிறது எல்லாம் காத்துதான்."

சலேத் போனைக் கச்சையில் செருகிக்கொண்டு, யாரோ நீட்டிய சுளகை வாங்கி, சேவுகமூர்த்திக்குப் பக்கத்தில் ஏறி நின்று தானும் வீசினாள். அவள் வீசிய காற்றை அளக்க அங்கே யாரும் இல்லை.

கார்த்திகை பிறந்து, வாடை தணிந்த ஒரு காலையில் குண்டின் நுனி அட்டையைத் தொட்டது. ஊரே தண்ணீருக்குள் நின்றது. தாள் முதலில் குழிந்தது, பிறகு நுனியைச் சுற்றிச் சின்னச் சுருக்கம் விழுந்தது, பிறகு ஓர் இழை விட்டது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் குண்டு முழுதாக உள்ளே போனது. போகும்போது குங்குமப் பொட்டு மேலே இருந்தது. பின்னாலிருந்த பாறை அதை மெல்ல வாங்கிக்கொண்டது. கல்தூள் மட்டும் தண்ணீரில் உதிர்ந்து மிதந்தது.

ராவுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி வந்து அட்டையைப் பார்த்தார். நடுவட்டம் இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. கடைசி வளையத்தின் விளிம்புக்குள், ஓர் இமைமயிர் அளவு உள்ளே. "அஞ்சு," என்றார். "சேவுகமூர்த்தி முதல்." ஊர் அதைக் காதில் வாங்காமல் சலேத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்ப்பரித்தது. அவள் அந்தத் தோள்களின்மேல் இருந்தபடியே போனை எடுத்துப் பார்த்தாள். கால்குலேட்டர் சொன்ன இடத்துக்கும் துளைக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளி. அதை அவள் திருத்தவில்லை.

"ஆட்டமெல்லாம் சரி," என்றாள் பஞ்சவர்ணம், சேலையைப் பிழிந்துகொண்டே. "நடவு பாதியில கிடக்கு."

மறுநாள் சலேத் லீவு போட்டாள். சேவுகமூர்த்தி போர் வண்டியை மதுரைப் பக்கம் அனுப்பவில்லை. இரண்டு பேரும் முழங்கால் சேற்றில், பக்கத்துப் பக்கத்து வரிசையில், பின்னால் நகர்ந்து நகர்ந்து நாற்று நட்டார்கள். வயல் ஓரத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது அவள் வரிசை நூல் பிடித்தாற்போல இருந்தது. அவனுடையது பாதி தூரம் ஒழுங்காக வந்து, பிறகு வளைந்து வளைந்து அவள் வரிசையின் பக்கம் சாய்ந்திருந்தது.

"என்ன சார் இது?"

"வாடைக் காத்து," என்றான்.

"இன்னைக்குக் காத்தே இல்லை."

அவன் முகம் முழுக்கச் சேறும் சிரிப்புமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சம் இருந்தது. சலேத் அதை அளக்காமல், கையில் மீந்திருந்த நாற்றை அங்கே ஊன்றிவிட்டு, "என்னை இனிமே மேடம்னு கூப்பிடாதீங்க," என்றாள்.